அதிர்வும் ஆன்மாவும்: ஒரு மறுப்பு

மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் பிரயாணம் செய்கிறவர்களிடையே வெகுகாலமாக ஓர் அபிப்பிராயம் வேரூன்றி வந்திருக்கிறது. வண்டி என்றால் அதிர வேண்டும். கைப்பிடியில் நடுக்கமும் ஃபுட்ரெஸ்டில் குறுகுறுப்பும் இல்லாத வண்டிக்கு ஆன்மா இல்லை. அதிர்வைக் குறையென்று சொல்லுகிறவன் வண்டியோட்டும் சுகத்தை அறியாதவன். நாலு நாள் ஓட்டினால் உடம்பு தானே பழகிக்கொள்ளும் என்பது அது. டீக்கடைப் பேச்சில் பிறந்து, விளம்பரங்களில் வளர்ந்து, புதிதாக வண்டி வாங்கப் புறப்படும் இளைஞனுக்கு அனுபவஸ்தர்கள் செய்யும் உபதேசமாகவே இன்று அது நிலைபெற்றுவிட்டது. அதிலும், பந்தயத்துக்கோ கடைவீதிக்கோ அன்றி ஊர்விட்டு ஊர் போவதற்கென்றே 350 முதல் 650 சி.சி. வரையில் செய்யப்படுகிற நடுத்தர வண்டிகளைப் பற்றிய பேச்சில், இந்தச் சித்தாந்தத்தை மறுத்துச் சொல்லுகிறவன் வண்டியை நேசிக்காதவன் என்றே முடிவு கட்டப்படுகிறான். வண்டியை நேசிக்கிற காரணத்தினாலேயே நான் அதை மறுக்கிறேன். அதிர்வு என்பது யந்திர சாஸ்திரத்தால் தீர்க்கக்கூடிய ஒரு பிரச்சினையின் தீராத மிச்சம். அதை ஆன்மா என்று போற்றுவது, தீர்க்க வேண்டியவர்களைத் தீர்க்காமலே இருந்துவிட அனுமதிப்பதாகும் என்பதே என் கட்சி.

இந்த அபிப்பிராயம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் நியாயமாகப் பார்க்க வேண்டும். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியார், இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டுடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை நிறுவ, சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியது. ஒற்றைச் சிலிண்டர், 346 சி.சி.; சிலிண்டரின் உள்விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் வீச்சு 90 மி.மீ. ராணுவமும் போலீஸும் அதைச் சுவீகரித்துக்கொண்டன. தகப்பனாரின் வண்டி மகனுக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ. அந்தக் காலத்துச் சாலைகள் அந்த வண்டியை வேகமாக ஓடவிட்டதில்லை. மணிக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டரில், இரு புறமும் புளியமரங்கள் நிற்க, நிதானமாகச் சுழலும் எஞ்சினின் துடிப்பைக் கேட்டுக்கொண்டே போனவர்கள் அதன்மீது பற்று வைத்தது இயல்பு. அந்தப் பற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. அவர்கள் பற்று வைத்தது எதன்மேல் என்பதில்தான் தகராறு.

நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் இரண்டு தடவை சுற்றினால் ஒரு தடவை பெட்ரோல் வெடிக்கிறது. சும்மா நிற்கும் வண்டியில் நிமிஷத்துக்கு 1000 சுழற்சி என்றால் வெடிப்பு 500. அதாவது வினாடிக்கு எட்டு. காது அதை ஒவ்வொன்றாகக் கேட்கிறது. பின்புறம் அதை ஒவ்வொன்றாக உணருகிறது. "தட தட" என்று நாம் சொல்லி மகிழ்வது இதைத்தான். பிஸ்டனின் ஆட்டமோ இதற்கு முற்றிலும் அந்நியமான சங்கதி. மேலே போய் நின்று திரும்பி, கீழே வந்து நின்று திரும்பும் அந்த உலோகத்துண்டு, வெடிப்பு நிகழ்ந்தாலும் நிகழாவிட்டாலும், ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சினை மேலும் கீழுமாக உதைக்கிறது. அந்த உதையோடு கூடவே, இரட்டை வேகத்தில் இன்னொரு சிறிய நடுக்கமும் பிறக்கிறது. 4000 சுழற்சியில் வெடிப்பு வினாடிக்கு 33. பிஸ்டனின் உதை 67. இரட்டை நடுக்கம் 133. நெடுஞ்சாலையில் கையை மரத்துப்போகச் செய்வதும், நட்டுகளைக் கழற்றுவதும், சைலன்சரைத் தாங்கும் பட்டையில் கீறல் விழச் செய்வதும் பெரும்பாலும் பின்னவை இரண்டுமே. துடிப்பைப் பிடித்துக்கொண்டு நடுக்கத்துக்கும் சேர்த்து வக்காலத்து வாங்குகிறவர்கள், ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு பொருள்களை ஒரே பொட்டலமாகக் கட்டி நம்மிடம் விற்கிறார்கள்.

இந்த உதையின் அளவு எத்தகையது என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். பிஸ்டன், பிஸ்டன் பின், கனெக்டிங் ராடின் மேற்பாகம் எல்லாம் சேர்ந்து 400 கிராம் என்று வைத்துக்கொண்டு, பழைய புல்லட்டின் 90 மி.மீ. வீச்சைக் கொண்டு பெருக்கிப் பார்த்தால், 3000 சுழற்சியில் இந்த முதல்நிலை விசை மட்டும் சுமார் 180 கிலோ எடைக்குச் சமமாகிறது. 4000 சுழற்சியிலோ அது 320 கிலோவுக்கு ஏறிவிடுகிறது. சுழற்சி மூன்றில் ஒரு பங்கு கூட, விசை முக்கால் பங்குக்கு மேல் கூடிப்போகிறது. ஏனெனில் விசை சுழற்சியின் வர்க்கத்தைப் பொறுத்தது. தகப்பனார் ஐம்பதில் ஓட்டியபோது இனிமையாக இருந்த அதே வண்டி, நான்கு வழிச் சாலையில் இருசக்கர வாகனங்களுக்குச் சட்டம் அனுமதிக்கும் 80 கிலோமீட்டரில் மகனுடைய கையை வாட்டுவதற்குக் காரணம் மகனுடைய பலவீனமல்ல, வர்க்கக் கணக்கு. "எங்கள் காலத்தில் நாங்கள் ஓட்டவில்லையா?" என்று கேட்கிறவர்கள் எந்த வேகத்தில் ஓட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் வாதம் பாதி தீர்ந்துவிடும்.

ஒற்றைச் சிலிண்டரில் இந்த உதையைக் கிராங்கின் எதிர் எடையால் மட்டும் ஒழிக்க முடியாது. பாதியைச் சமன்செய்தால், அந்தப் பாதியே முன்னும் பின்னுமான ஆட்டமாக உருமாறி வெளிப்படுகிறது. ஆனால் கிராங்கில் ஒரு பாதி எடையை வைத்து, அதே வேகத்தில் எதிர்த்திசையில் சுழலும் தனியான பேலன்சர் ஷாஃப்டில் மற்றப் பாதியை வைத்தால், மேல்கீழாக இரண்டு எடைகளும் ஒன்றுசேர்ந்து பிஸ்டனை எதிர்க்கின்றன. முன்பின்னாக ஒன்றையொன்று எதிர்த்து மறைந்துவிடுகின்றன. முதல்நிலை உதை அடியோடு தீர்ந்துபோகிறது. வெடிப்பின் துடிப்பை இந்த ஷாஃப்ட் தொடுவதேயில்லை. தொட அதற்கு வழியும் இல்லை.

இதற்குப் பிரத்தியட்ச சாட்சி வேண்டுமென்றால், அந்தப் புல்லட்டின் பரம்பரையிலேயே இருக்கிறது. 2020-ல் மீட்டியர் 350-ல் வந்த புதிய எஞ்சின் 349 சி.சி.; உள்விட்டம் 72 மி.மீ., வீச்சு 85.8 மி.மீ.; இன்னமும் நீண்ட வீச்சுள்ள ஒற்றைச் சிலிண்டர்தான், ஆனால் உள்ளே பேலன்சர் ஷாஃப்ட் இருக்கிறது. 2021-ல் கிளாசிக்குக்கும் 2023-ல் புல்லட்டுக்கும் அதுவே வந்தது. அந்த வண்டியொன்று சும்மா நின்று ஓடும்போது சைலன்சர் பக்கத்தில் நின்று கேளுங்கள்: துடிப்பு இருக்கிறது. பிறகு ஏறி உட்கார்ந்து நெடுஞ்சாலைக்குப் போய், பின்னால் வருகிற லாரியைக் கண்ணாடியில் பாருங்கள்: லாரி லாரியாகவே தெரிகிறது. பேலன்சர் இல்லாத பழைய எஞ்சினில், ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும், கண்ணாடியிலிருக்கும் லாரி முதலில் இரண்டாகப் பிரிந்து, அப்புறம் விளிம்பு கரைந்து, வெறும் நிறத்தின் தீற்றலாக ஆகிவிடும். பின்னால் வருவது லாரியா பஸ்ஸா, அது முந்துவதற்கு விலகுகிறதா இல்லையா என்று அறிய ஓட்டுகிறவர் தலையைத் திருப்பியாக வேண்டும். கண்ணாடியைக் குருடாக்குகிற ஒன்றை ஆன்மா என்று கொண்டாடுவதற்கு எந்தச் சாஸ்திரத்தில் இடம் இருக்கிறது?

உடம்பு பழகிக்கொள்ளும் என்ற வாதம் இதைவிட ஆபத்தானது. ஏனெனில் அது பாதி உண்மை. 1911-ல் இத்தாலியில் லோரிகா என்பவர், காற்றழுத்தத் துளைக்கருவிகளைப் பிடித்து வேலை செய்த சுரங்கத் தொழிலாளிகளின் விரல்கள் வெளுத்து மரத்துப்போவதை எழுதி வைத்தார். 1918-ல் அமெரிக்காவில் இண்டியானா மாகாணத்துப் பெட்ஃபோர்டில் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறவர்களிடையே அதே நோயை டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் ஆராய்ந்தார். ஜப்பானில் மோட்டார் சைக்கிளில் ஆண்டுக்கணக்காகத் தபால் பட்டுவாடா செய்தவர்களின் கைகளையும் வைத்தியர்கள் இதே நோக்கில் பரிசோதித்து எழுதியிருக்கிறார்கள். விடுமுறைக்கு ஒரு தடவை கொடைக்கானல் போய்வருகிறவருக்குச் சுரங்கத் தொழிலாளியின் கதி நேர்ந்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. அப்படிச் சொல்வது மிகையாகும். ஆனால் நாள்தோறும் மணிக்கணக்காக வண்டியிலேயே பிழைப்பை நடத்துகிறவர்கள் இந்த நாட்டில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள் என்பதையும், கை வழியே உடம்பில் ஏறும் அதிர்வுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2002-லேயே வரம்பு விதித்து, எட்டு மணி நேர வேலைக்கு வினாடி வர்க்கத்துக்கு 2.5 மீட்டரைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5 மீட்டரைத் தாண்டவே கூடாது என்று எழுதி வைத்திருப்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

நோய்வரை போக வேண்டியதில்லை. இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு வண்டியை நிறுத்துகிறவர், ஹெல்மெட்டின் வாரைக் கழற்றப் போகும் அந்த ஒரு நிமிஷத்தைப் பார்த்தாலே போதும். வார் எங்கே முடிகிறது, வளையம் எங்கே தொடங்குகிறது என்று விரல் நுனிக்குத் தெரிவதில்லை. இரண்டு மூன்று தடவை தடவி, கடைசியில் இடக்கையால் கழற்றுகிறார். வலக்கை ஏன் முதலில் மரக்கிறது என்றால், இடக்கையைத் தொடைமேல் போட்டு இளைப்பாறலாம், ஆக்ஸிலேட்டரைப் பிடித்த கைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பையில் கைவிட்டால் எது சாவி, எது சில்லறை என்ற பேதம் மறைந்திருக்கிறது. பழக்கம் என்று சொல்லப்படுவது இந்த மழுக்கத்தைத்தான்: நரம்பின் நுனிகள் ஓயாத தொந்தரவுக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய், பதில் சொல்வதையே நிறுத்திக்கொண்ட நிலை. முன் பிரேக்கை எவ்வளவு அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், எவ்வளவில் பூட்டாது என்று மழையில் நமக்குச் சொல்ல வேண்டியவையும் அதே விரல்களே. சொரணை போனதைச் சகிப்பு என்று எண்ணிக்கொள்வது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும்.

கை எப்படியோ போகட்டும், கருவியைப் பாருங்கள். 2021-ல் ஆப்பிள் கம்பெனியார், சக்திவாய்ந்த மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக ஏறினால் ஐபோன் கேமராவின் நுண்ணிய பாகங்கள் கெட்டுப்போகக்கூடும் என்று வாடிக்கைக்காரர்களுக்கு எச்சரிக்கை வெளியிட்டார்கள். போனைக் காப்பாற்ற ரப்பர் வைத்த தாங்கியை வாங்கி மாட்டுகிறவர்களே, அதற்கு நாலு விரற்கடை தள்ளி அதே குழாயைப் பற்றியிருக்கும் கைக்கு மட்டும் பழகிக்கொள்ளும்படி உபதேசம் செய்வது எனக்குப் பெரிய வேதனையாக இருக்கிறது.

இதற்கெல்லாம் பரிகாரம் பெரிய எஞ்சின் வாங்குவதுதான், சிலிண்டர் இரண்டானால் அதிர்வு பாதியாகிவிடும் என்று வேறொரு சாரார் சொல்லுகிறார்கள். சரித்திரம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. 1937-ல் எட்வர்ட் டர்னர் வகுத்த டிரையம்ப் ஸ்பீட் ட்வின்னில் இரண்டு பிஸ்டன்கள் இருந்தன. ஆனால் இரண்டும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கின. வெடிப்பு சீராக இருந்தது, விற்பனையும் அமோகமாக இருந்தது, ஆங்கிலக் கம்பெனிகள் எல்லாம் அந்த வழியில் போயின. ஆயினும் உதையைப் பொறுத்தமட்டில் அது ஒற்றைச் சிலிண்டருக்குச் சமானமே. 500 சி.சி.யில் பொறுக்கக்கூடியதாக இருந்த அந்தக் குறை 650-க்கு வளர்ந்து, 1962-ல் நார்ட்டன் அட்லஸின் 745 சி.சி.க்கு வந்தபோது பொறுக்க முடியாததாயிற்று. நார்ட்டன்காரர்கள் அதை ஆன்மா என்று சொல்லிக்கொண்டு சும்மாயிருக்கவில்லை. 1967-ல் அதே எஞ்சினை, கியர்பெட்டியோடும் பின்சக்கரத்தைத் தாங்கும் கையோடும் சேர்த்து ரப்பர் தாங்கிகளில் தொங்கவிட்டு, ஐஸோலாஸ்டிக் என்று பெயரிட்டுக் கமாண்டோ வண்டியைக் கொண்டுவந்தார்கள். சும்மா நிற்கும்போது முன்சக்கரம்கூட ஆடும். வேகம் பிடித்ததும் நடுக்கம் எஞ்சினோடு நின்றுவிட, ஓட்டுகிறவருக்கு அமைதி கிடைக்கும். ரப்பரின் இடைவெளியை அவ்வப்போது சரிபார்க்க வேண்டியிருந்தது என்பது உண்மை. ஆனால் அந்த வண்டியை ஆன்மா இல்லாதது என்று இன்றுவரை யாரும் பழித்ததாக நான் கேட்டதில்லை. ஆங்கில வண்டிகளில் அதிகமாக நேசிக்கப்படுகிறவற்றில் அது ஒன்று.

ஜப்பானியர் வேறு வழியில் முயன்றார்கள். 1972-ல் யமஹா டி.எக்ஸ். 750-ல் பேலன்சர் எடைகளை எஞ்சினுக்குள்ளேயே வைத்தது. நீடித்த வேகத்தில் அந்த எடைகள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிட, பேரிங்குகள் எண்ணெயின்றித் தவித்தன. வண்டி கெட்ட பெயர் வாங்கிக்கொண்டு மறைந்தது. பேலன்சர் வீண் வேலை என்பவர்கள் இந்த உதாரணத்தை எடுத்துக்காட்டுவதுண்டு. தோற்றது எண்ணெய் போகும் பாதையே ஒழியத் தத்துவம் அல்ல. அந்தத் தத்துவம் இன்று நடுத்தர வண்டிகளில் ஏறக்குறைய எங்கும் இருக்கிறது. 1995-ல் அதே யமஹா டி.ஆர்.எக்ஸ். 850-ல் இரண்டு பிஸ்டன்களின் கிராங்குகளையும் 270 பாகை விலக்கி வைத்தது. அப்படி வைத்தால் இரட்டை வேகத்து நடுக்கம் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. மிஞ்சுகிற முதல்நிலை ஆட்டத்தைப் பேலன்சர் ஷாஃப்ட் ஏற்றுக்கொள்கிறது. வெடிப்போ சீராக இல்லாமல், ஒன்று நெருங்கி ஒன்று விலகி, கேட்பதற்கு உயிருள்ள தாளமாக ஒலிக்கிறது. 2018-ல் வந்த ராயல் என்ஃபீல்டு இண்டர்செப்டர் 650-ன் எஞ்சினும் இதே அமைப்புத்தான். அதன் ஒலியைப் புகழாத ஆன்மவாதி ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. துடிப்பு மிகவும் உண்டு, நடுக்கம் மிகக் குறைவு என்கிற ஒரு வண்டி அவர்கள் கண்முன்னே, அவர்களுடைய புகழ்ச்சியோடு ஓடிக்கொண்டிருக்கையில், இரண்டையும் பிரிக்க முடியாது என்று வாதிடுவதில் பொருளில்லை. சிலிண்டர்களின் எண்ணிக்கையைவிடக் கிராங்குகளின் கோணமே முக்கியம் என்பதும் இதிலிருந்து விளங்கும்.

மெத்தென்ற சீட் போட்டால் போதும் என்பது சிறிய வாதம். அதற்குச் சிறிய பதிலே போதும். சாலையின் குண்டுகுழிகளால் வரும் குலுக்கல் வேறு. உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு வினாடிக்கு நாலைந்து தடவை வரும் குலுக்கலில் அதிகமாக ஆட்டம் காணும். அதற்கு மருந்து சஸ்பென்ஷனை ஓட்டுகிறவரின் எடைக்குத் தக்கபடி இறுக்கி வைப்பது. கடையில் உட்கார்ந்து பார்க்கையில் சொர்க்கமாக இருக்கும் மெல்லிய பஞ்சு, ஒரு மணி நேரத்தில் அமுங்கித் தரைதட்டி, இடுப்பெலும்பை அடித்தகட்டில் உட்கார வைத்துவிடுகிறது. கைக்கு வரும் நடுக்கத்துக்கும் சீட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

அதிர்வு இல்லாத வண்டியில் தூக்கம் வந்துவிடும் என்றும் சிலர் மெய்யாகவே நம்பிச் சொல்லுகிறார்கள். உண்மை நேர்மாறானது. மெல்பர்னிலுள்ள ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தார் 2018-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வாகன இருக்கையின் தாழ்ந்த, ஒரே சீரான அதிர்வு கால் மணி நேரத்துக்குள்ளேயே மனிதனுக்கு மந்தத்தைக் கொண்டுவரத் தொடங்குகிறது என்று கண்டார்கள். அது காரின் இருக்கையை ஒத்த ஏற்பாட்டில் செய்த சோதனை. ஆயினும், குலுங்கினால் விழிப்பாயிருப்போம் என்ற நம்பிக்கையை அசைக்க அது போதுமானது. பேலன்சர் ஷாஃப்ட் எடையைக் கூட்டுகிறது, கொஞ்சம் சக்தியைத் தின்கிறது, விலையை ஏற்றுகிறது என்ற ஆட்சேபத்தை மட்டும் நான் மரியாதையோடு ஒப்புக்கொள்ளுகிறேன். ஊர்விட்டு ஊர் போகிறவருக்கு அந்தச் சிறு சக்தி நஷ்டம் பொருட்டல்ல. எல்லா நடுக்கத்தையும் பேலன்சர் தீர்த்துவிடுவதில்லை என்பதும் மெய்தான். ஒற்றைச் சிலிண்டரில் இரட்டை வேகத்து நடுக்கம் மிஞ்சுகிறது. அதிகச் சுழற்சியில் ஓடும் சிறிய எஞ்சின்களில் பேலன்சர் இருந்தும் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் கைப்பிடி குறுகுறுக்கும். அங்கேதான் ஹேண்டில்பார் முனையில் வைக்கும் எடையும், ரப்பர் போட்ட ஃபுட்ரெஸ்டும், உயரமான கடைசி கியரும் உதவுகின்றன. அதே வேகத்துக்கு எஞ்சின் பத்தில் ஒரு பங்கு குறைவாகச் சுற்றினால் விசை நூற்றுக்குப் பத்தொன்பது பங்கு குறைகிறது.

இந்த விவாதத்தில் ஒருவருடைய சாட்சியம் இதுவரை கேட்கப்படவேயில்லை. வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருகிறவர் அவர். நம் ஊர்களில் பெரும்பாலும் மனைவி, தாயார், அல்லது வயதான தகப்பனார். ஓட்டுகிறவருக்காவது ஆக்ஸிலேட்டரைக் குறைத்து நடுக்கம் அதிகமான சுழற்சியைத் தவிர்க்கும் சுதந்திரம் உண்டு. பின்னால் இருப்பவருக்கு அதுவும் இல்லை. காலடியில் குறுகுறுக்கும் இரும்பின்மேல் பாதத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்கும் அவர், ஆன்மா என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வண்டி வாங்கும்போது அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லாததால்தான் இந்தச் சித்தாந்தம் இத்தனை காலம் எதிர்ப்பின்றி வாழ்ந்தது என்று நான் நினைக்கிறேன்.

கம்பெனிகளிடம் நாம் கேட்க வேண்டியது பெரிய விஷயமல்ல. ஐரோப்பாவில் 2006-ம் வருஷத்து யந்திர விதிப்படி, கையில் பிடித்து வேலை செய்யும் கருவி கைக்குத் தரும் அதிர்வு 2.5 மீட்டரைத் தாண்டுமானால், அந்த அளவை விவரப் புத்தகத்தில் அச்சிட்டாக வேண்டும். சுவரில் துளைபோடும் டிரில்லுக்கு இருக்கும் இந்தக் கடமை, அதைவிட அதிக நேரம் கையில் பிடிக்கப்படும் மோட்டார் சைக்கிளுக்கு இல்லை. குதிரைசக்தியைப் புள்ளிக்குப் பின்னும் எண் போட்டுச் சொல்லுகிறவர்கள், சீட்டின் உயரத்தை மில்லிமீட்டரில் எழுதுகிறவர்கள், கடைசி கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் கைப்பிடியில் எவ்வளவு, சீட்டில் எவ்வளவு, ஓட்டுகிறவரின் காலடியில் எவ்வளவு, பின்னால் இருப்பவரின் காலடியில் எவ்வளவு என்று நான்கு எண்களையும் அதே பக்கத்தில் அச்சிட வேண்டும். அளக்கும் கருவி அவர்களுடைய பட்டறையிலேயே இருக்கிறது. அவர்கள் அச்சிடும் வரையில், வாங்குகிறவர்கள் கடைவாசலில் ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்த்துத் திருப்தியடையாமல், நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்க வண்டியைக் கேட்க வேண்டும். பின்னால் உட்காரப் போகிறவரையும் அன்றைக்குக் கையோடு கூட்டிக்கொண்டு போக வேண்டும்.